விழித்திரை சத்திரசிகிச்சைக்கு ட்ரே அடுக்குவது எப்படி: மலையேறி வீடு போகும் நோயாளியை மனதில் வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

கண்ணின் பின்பகுதியில் செய்யும் சத்திரசிகிச்சைக்கு ட்ரே அடுக்கும் முன் நோயாளியின் கோவையில் ஒரு வரி இருக்க வேண்டும்: வீடு எத்தனை மீட்டர் உயரத்தில், எந்த வழியால் போவார். கடற்கரையில் வாழ்பவருக்கு இந்த வரி பெரிதாகத் தேவைப்படாது. அட்டன், தலவாக்கலை, நானுஓயா, பண்டாரவளைப் பக்கத்து நோயாளிக்கோ, விழித்திரையைப் படிந்த இடத்தில் பிடித்துவைக்க கடைசியில் கண்ணுக்குள் வாயுவை நிரப்புவதா எண்ணெயை நிரப்புவதா என்பதை இந்த ஒரு வரியே மாற்றிவிடலாம்: உயரம் ஏறினால் வாயு விரியும், எண்ணெய் விரியாது. கேட்பது எளிது: "அம்மா, உங்க வீடு எந்தத் தோட்டம்? மேற்பிரிவா, கீழ்ப்பிரிவா? பஸ்ஸுல போவீங்களா, ரயில்லயா?" ஒரே தோட்டத்தின் இரண்டு பிரிவுகளுக்கு இடையில்கூட நல்ல உயர வித்தியாசம் இருக்கும். அதனால் தோட்டத்தின் பெயரோடு கேள்வியை நிறுத்திவிடாதீர்கள்.

இந்த வழிகாட்டி சத்திரசிகிச்சைக்கூடத்தில் ஸ்க்ரப் செய்யும் (கைகழுவி மேசையில் கருவி எடுத்துக்கொடுக்கும்) தாதியருக்கும், விழித்திரைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த வைத்தியர்களுக்கும் உரியது. அளவுகள் வழக்கமாகப் பின்பற்றப்படுபவை. உங்கள் சத்திரசிகிச்சை நிபுணரின் கட்டளை எப்போதும் இதற்கு மேல்.

எந்தத் தடிப்பில் கருவி

விட்ரெக்டமி என்பது கண்ணின் நடுவில் நிறைந்திருக்கும் கண்ணாடியுடனீரை வெட்டி உறிஞ்சி எடுப்பது. 1970களின் தொடக்கத்தில் றொபர்ட் மாக்கெமர் மயாமியில் இதைத் தொடங்கியபோது வெட்டுதல், உறிஞ்சுதல், நீர் செலுத்துதல் மூன்றும் ஒரே தடித்த கருவியில் இருந்தன. பிறகு அவை மூன்று தனித் துளைகளுக்குப் பிரிந்தன. இன்று ஒரு துளையில் நீர், ஒன்றில் விளக்கு, ஒன்றில் வேலை செய்யும் கருவி.

தடிப்பைக் கேஜ் எண்ணால் சொல்கிறோம். எண் கூடக் கூட கருவி மெல்லியது. 20 கேஜ் சுமார் 0.9 மில்லிமீட்டர், 23 கேஜ் 0.6, 25 கேஜ் 0.5, 27 கேஜ் 0.4. இருபது கேஜில் கண்ணின் வெள்ளைச் சுவரான ஸ்கிளீராவைத் திறந்து, முடிவில் தைக்க வேண்டும். 23 கேஜ் முதல் மெல்லியவற்றுக்கு, கூர்முனைக் குத்தூசியான ட்ரோகாரால் குத்தி, சிறு குழாய்போன்ற கனியூலாவைச் சுவரில் விட்டுவிடலாம். பெரும்பாலான துளைகளுக்குத் தையல் தேவைப்படாது.

பொதுவான வேலைக்கு 25 கேஜ் நல்ல நடுவழி. தடித்த சிலிக்கோன் எண்ணெய் ஏற்ற வேண்டிய கண், பழைய நீரிழிவுக் கண், தடித்த சவ்வுகள் என்றால் 23 கேஜ் கையில் இருக்கட்டும். 27 கேஜ் கருவி வளையும், கண்ணை அதனால் திருப்புவது கடினம். 5,000 சென்டிஸ்டோக் (எண்ணெயின் பிசுக்குமையை அளக்கும் அலகு) எண்ணெயை அதன் வழியே தள்ளுவது பெரும்பாடு. ஒரு தொகுதியைப் பிரித்தால் எல்லாம் அதே கேஜாக இருக்க வேண்டும். 25 கேஜ் கனியூலாவுக்குள் 23 கேஜ் லேசர் முனை நுழையாது. இந்தப் பிழை நடுச் சத்திரசிகிச்சையில் தெரியவந்தால் உறையைப் பிரித்த விலைமதிப்பான கருவி வீண், நேரமும் வீண். உறை பிரிக்கும் முன் சுற்றிவரும் தாதியும் ஸ்க்ரப் தாதியும் எண்ணை உரக்கச் சொல்லிச் சரிபாருங்கள்.

ட்ரேயில் வருபவை

அடிப்படை வரிசை: இமை விரிப்பான், அளவுகோல் கலிப்பர், பல்லுள்ள சிறு இடுக்கி, மூன்று ட்ரோகார்-கனியூலா, நீர்க்குழாய், வெட்டி, விளக்குக்குழல், ஸ்கிளீரா அழுத்தி, கனியூலா மூடும் சிறு அடைப்புகள், 7-0 அல்லது 8-0 விக்ரில் நூல்.

அதன் பிறகு நோய்க்கேற்பக் கூடும். விழித்திரையின் மேல் சவ்வு உரிக்க நுனியால் மட்டும் பற்றும் இடுக்கி, நீரிழிவுச் சவ்வுக்குப் பற்களுள்ள இடுக்கியும் கிடை, வளைந்த கத்தரிகளும், சவ்வின் விளிம்பைக் கிளப்ப வைரத்தூள் பூசிய சுரண்டி, விழித்திரைமேல் நிற்கும் நீரை இழுக்க மென்மையான சிலிக்கோன் நுனியுள்ள உறிஞ்சுகுழல், இரத்தக்கசிவைச் சுட்டு நிறுத்த எண்டோடயதேர்மி முனை, கண்ணுக்குள்ளிருந்தே லேசர் போடும் எண்டோலேசர் முனை. விளிம்புவரை லேசர் போட வளைந்த முனை உதவும்.

மலையகத்தில் தனியாக எடுத்துவைக்க வேண்டிய ஒரு பொட்டலம் உண்டு. அலவாங்கால் பாறை உடைக்கும்போதும், கவ்வாத்துக் கத்தியைச் சுத்தியலால் தட்டும்போதும், புல்வெட்டும் இயந்திரம் கல்லில் படும்போதும் இரும்புத்துகள் கண்ணுக்குள் பாய்கிறது. அதற்கு உள்விழிக் காந்தமும், வைரத்தூள் பூசிய அந்நியப்பொருள் இடுக்கியும் வேண்டும். துகள் கனியூலாவின் துளையைவிடப் பெரிதாக இருந்தால் ஸ்கிளீராத் துளையை அகலப்படுத்தித்தான் வெளியே எடுக்க வேண்டும், ஆகவே அதற்குரிய கத்தியும் தையலும் அருகில் இருக்கட்டும். இப்படிப்பட்ட கண்ணுக்கு எக்ஸ்ரே அல்லது சீ.டி. எடுக்கலாம். எம்.ஆர்.ஐ. கூடவே கூடாது: காந்தப்புலத்தில் இரும்பு நகர்ந்து விழித்திரையைக் கிழிக்கும்.

கண்புரைச் சத்திரசிகிச்சையில் வில்லையின் கரு பின்னால் விழுந்து வரும் நோயாளிக்கு, கருவை அல்ட்ராசவுண்டால் உடைத்து உறிஞ்சும் ஃபிரக்மட்டோம் வேண்டும். மென்மையான துண்டை விட்ரெக்டமி வெட்டியே உறிஞ்சிவிடும். கடினமான பழுப்புக் கருவுக்கு இந்த அல்ட்ராசவுண்ட் முனை இல்லாமல் முடியாது. அது வழக்கமாக 20 கேஜ் என்பதால் ஒரு துளையைப் பெருப்பித்து முடிவில் தைப்பார்கள்.

இயந்திரத்தைத் தயார் செய்தல்

வெட்டியின் உள்ளே ஒரு கத்திக்குழல் முன்னும் பின்னும் ஓடி வாய்த்துளையை வெட்டி மூடுகிறது. பெரும்பாலான இயந்திரங்களில் இதை ஓட்டுவது அழுத்தப்பட்ட காற்று. ஆகவே முதல் வேலை சுவரின் காற்று வழங்கலையோ சிலிண்டரையோ திறந்து அளவுமானியைப் பார்ப்பது. அழுத்தம் குறைந்தால் வெட்டி முழுமையாக மூடாது. வெட்டாமல் இழுக்கும். இழுபட்ட கண்ணாடியுடனீர் விளிம்பு விழித்திரையைக் கிழிக்கும். வெட்டி சரியாக வேலை செய்யவில்லை என்ற சந்தேகம் வந்த கணமே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

குழாய்கள் இணைந்த கசெட்டை இயந்திரத்தில் பொருத்தி, 500 மில்லிலீற்றர் சமநிலை உப்புக்கரைசலைத் தொங்கவிட்டு, நீர்க்குழாயில் ஒரு குமிழியும் மிஞ்சாமல் ஓடவிடுங்கள். குழாயில் தங்கிய காற்று கண்ணுக்குள் போனால் பார்வைப்புலத்தை மறைக்கும். கண்மணி சுருங்காமல் இருக்க 500 மில்லியில் 1:1000 அட்ரினலின் 0.5 மில்லி வரை கலப்பது வழக்கம். பாதுகாப்புப்பொருள் சேர்க்காத குப்பியாக இருக்க வேண்டும். போத்தலின் உயரத்தால் அழுத்தம் தரும் பழைய இயந்திரமானால், 1 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்கு 1.36 சென்டிமீட்டர் நீர் உயரம் என்று கணக்கு: கண் மட்டத்திலிருந்து 40 சென்டிமீட்டர் உயர்த்தினால் சுமார் 30 மில்லிமீட்டர். நோயாளியின் மேசையை ஏற்றி இறக்கினால் இந்தக் கணக்கு மாறும்.

பிறகு வெட்டியின் நுனியைக் கிண்ணத்து நீரில் அமிழ்த்தி மிதியை மிதித்துப் பாருங்கள். நீர் இழுபட வேண்டும், துளை திறந்து மூடுவது நுண்ணோக்கியில் தெரிய வேண்டும். புதிய இயந்திரங்கள் நிமிடத்துக்கு 5,000 முதல் 10,000 வெட்டுகள்வரை போகின்றன. வெட்டு வேகம் கூடினால் ஒவ்வொரு வெட்டிலும் சிறு துணுக்கே போகும், விழித்திரை இழுபடுவது குறையும். விழித்திரைக்கு அருகில் வேகம் அதிகம், உறிஞ்சுதல் குறைவு.

உயரம் இங்கேயும் தலைகாட்டுகிறது. உறிஞ்சும் விசை வளிமண்டல அழுத்தத்தைத் தாண்டவே முடியாது. கடல்மட்டத்தில் அது 760 மில்லிமீட்டர், 1,868 மீட்டரில் இருக்கும் நுவரெலியாவிலோ ஏறத்தாழ 606 தான். ஆகவே அங்கே வைத்த இயந்திரத்தில் 650 என்று பொத்தானைத் திருப்பினாலும் அந்த உறிஞ்சல் கிடைக்காது. கண்டியில் 716 வரை இருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

விளக்குக்குழலை எரியவிட்டு நுனி உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். பச்சை லேசரானால் வைத்தியரின் நுண்ணோக்கிக்கும் உதவியாளரின் நுண்ணோக்கிக்கும் வடிகட்டி போட்டிருக்க வேண்டும். வெட்டியின் மிதியும் லேசரின் மிதியும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம். லேசர் தேவைப்படும்வரை காத்திருப்பு நிலையிலேயே இருக்கட்டும்.

கண்ணுக்குள் நுழைதல்

தோலுக்கு 10 சதவீதப் பொவிடோன் அயடீன், கண் பைக்குள் 5 சதவீதம். ஊற்றிய உடனே கழுவிவிடாமல் 3 நிமிடம் விடுங்கள். இமை மயிர்கள் முழுவதும் திரைக்குள் மறைய வேண்டும்.

துளையிடும் இடத்தைக் கருவிழி விளிம்பிலிருந்து கலிப்பரால் அளப்பார்கள். சொந்த வில்லை இருந்தால் 4 மில்லிமீட்டர், செயற்கை வில்லையானால் 3.5. முன்னே தள்ளிக் குத்தினால் வில்லை காயப்படும், பின்னே போனால் விழித்திரை. கண்ணின் மேல்தோலான மென்சவ்வை முதலில் சற்று நகர்த்திப் பிடித்து, ட்ரோகாரைச் சாய்வாக நுழைத்துப் பிறகு நிமிர்த்துவார்கள். சாய்ந்த பாதை, கனியூலாவை எடுத்ததும் தானே மூடிக்கொள்ளும். மென்சவ்வு திரும்பி வந்து ஸ்கிளீராத் துளையை மறைக்கும்.

நீர்க்குழாய் கீழ்-வெளிப்புறத் துளையில். மற்ற இரண்டும் மேலே, 10 மணி, 2 மணி நிலைகளில். இங்கே ஒருபோதும் தவறவிடக்கூடாத ஒரு சோதனை உண்டு. நீரைத் திறக்கும் முன், கனியூலாவின் நுனி உள்ளே தெரிகிறதா என்று வைத்தியர் விளக்கால் பார்த்து, "தெரிகிறது" என்று சொல்ல வேண்டும். அதன் பின்பே நீர். நுனி சுவரின் உட்படலங்களுக்கு இடையில் சிக்கியிருந்தால் நீர் அங்கே பாய்ந்து, விழித்திரைக்கு அடியிலுள்ள கோரோயிட் படலம் பலூன்போல எழும். தாதி அந்தச் சொல் வரும்வரை குழாயைத் திறக்காமல் நிற்பது வைத்தியருக்கும் உதவி. ஸ்கிளீராவை அழுத்தும்போது கனியூலா பின்னிழுத்து இதே விபத்து நடுவிலும் நேரலாம். ஆகவே நீர்க்குழாய் இழுபடாதபடி சற்றுத் தளர்வு விட்டு முகத்திரையில் ஒட்டுங்கள்.

கண்ணுக்குள் வழக்கமான அழுத்தம் 25 முதல் 30 மில்லிமீட்டர் பாதரசம். இரத்தம் கசிந்தால் சிறிது நேரம் 60 வரை ஏற்றி நிறுத்துவார்கள். ஏற்றிய நேரத்தைத் தாதி சொல்லிக்கொண்டிருப்பது நல்லது, பார்வை நரம்புக்கு அப்போது இரத்தம் குறைவு. போத்தலில் 50 மில்லி மிஞ்சும்போதே அடுத்ததைத் தயார் நிலையில் வைத்துவிடுங்கள். நீர் வறண்ட பின்னும் உறிஞ்சல் ஓடினால் கண் நொடியில் சுருங்கும்.

அகன்ற பார்வை வில்லை கண்ணின் மேல் தொடாமல் நிற்கும். குளிர்ந்த கூடத்தில் அதில் ஆவி படியும், கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலமான கோர்னியாவும் வறளும். கோர்னியாமேல் பசைத்திரவம் தடவுவது இரண்டுக்கும் உதவும்.

தெளிந்த திரவங்களின் ஆபத்து

ட்ரேயில் தண்ணீர் நிறத்தில் ஐந்தாறு சிரிஞ்சுகள் நிற்கும்: உப்புக்கரைசல், உணர்விழப்பு மருந்து, கனத்த திரவம், எண்ணெய், இறுதியில் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி. பெயரில்லாத ஒரு சிரிஞ்சும் வைத்தியர் கைக்குப் போகக்கூடாது. ஜென்டமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி தவறிக் கண்ணுக்குள் போனால் மஞ்சட்புள்ளியின் இரத்தக்குழாய்கள் அடைபட்டு நடுப்பார்வை திரும்பாமல் போய்விடும். நிரப்பிய கையே ஒட்டுத்தாளை ஒட்ட வேண்டும். "பிறகு ஒட்டலாம்" என்பது இந்த மேசையில் இல்லை.

கனத்த திரவம் என்று சொல்லும் பெர்ஃபுளோரோ-என்-ஒக்டேன் தண்ணீரைவிட 1.76 மடங்கு கனம். கழன்ற விழித்திரையைப் பின்னிருந்து அழுத்திப் படியவைத்து, அடியில் சேர்ந்த நீரைக் கிழிசல் வழியே முன்னே தள்ளும். மெதுவாகச் செலுத்த வேண்டும், முடிவில் முழுவதும் எடுத்துவிட வேண்டும். விழித்திரையின் உட்சவ்வை உரிக்கும் முன் அதற்குப் போடும் சாயம் பிரில்லியன்ட் புளூ ஜி 0.025 சதவீதம். கண்ணாடியுடனீர் கண்ணுக்குத் தெரியாதபோது டிரையம்சினலோன் என்ற ஸ்டெரொயிட் மருந்தின் துகள்கள் அதன்மேல் வெள்ளையாகப் படிந்து காட்டிக்கொடுக்கும்.

கிழிசலைச் சுற்றி எண்டோலேசர் பொதுவாக 150 முதல் 200 மில்லிவாட்டில் தொடங்கும், 0.1 முதல் 0.2 விநாடி. விழித்திரை சாம்பல் வெண்மையாக மாறினால் போதும். பளீரென வெளுத்தால் அதிகம்.

வாயு கலக்கும் மேசை

பிழை விட இடமே இல்லாத கட்டம் இதுதான். தூய எஸ்.எஃப்.6 (சல்பர் ஹெக்சாபுளோரைட்) வாயு கண்ணுக்குள் ஏறத்தாழ இரண்டு மடங்காக விரியும், சீ3எஃப்8 (பெர்ஃபுளோரோபுரொப்பேன்) நான்கு மடங்காக. அதனால்தான் காற்றோடு கலந்து, விரியாத செறிவில் கொடுக்கிறோம். எஸ்.எஃப்.6 20 சதவீதம்: 50 மில்லி சிரிஞ்சில் 10 மில்லி வாயு, 40 மில்லி காற்று. சீ3எஃப்8 14 சதவீதம்: 7 மில்லி வாயு, 43 மில்லி காற்று.

செய்யும் முறை: சிலிண்டரின் பெயரை இருவர் படியுங்கள். 0.22 மைக்ரோன் வடிகட்டியைப் பொருத்துங்கள். முதலில் கொஞ்சம் வாயுவை இழுத்து வெளியே விட்டு, குழாயிலிருந்த காற்றை ஓட்டுங்கள், இல்லாவிட்டால் செறிவு குறையும். பிறகு சரியாக 10 அல்லது 7 மில்லி இழுங்கள். சிலிண்டரைக் கழற்றிவிட்டு, வடிகட்டி வழியே கூடத்துக் காற்றை 50 வரை இழுங்கள். இரண்டு அளவுகளையும் உரக்கச் சொல்லி, சுற்றிவரும் தாதி பலகையில் எழுத வேண்டும். செலுத்தும் நேரத்துக்குச் சற்று முன்புதான் கலக்க வேண்டும், கலந்து வைத்தால் வாயு கசிந்துபோகும். கண்ணிலிருக்கும் காற்றை முழுமையாக வெளியேற்ற, கலவையில் 30 முதல் 40 மில்லிவரை கண் வழியே ஓட வேண்டும்.

முழு மயக்கமானால் நைட்ரஸ் ஒக்சைட்டை வாயு செலுத்துவதற்கு 15 முதல் 20 நிமிடங்களுக்கு முன்பே நிறுத்துமாறு மயக்க மருந்து வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அது குமிழிக்குள் புகுந்து அதைப் பெருக்கும்.

குமிழியும் மலையும்

காற்று மட்டும் நிரப்பினால் ஒரு வாரத்துக்குள் கரையும். எஸ்.எஃப்.6 சுமார் இரண்டு வாரம், சீ3எஃப்8 ஆறு முதல் எட்டு வாரம். இந்த நாட்களில் நோயாளி மலையேறினால் வெளியழுத்தம் குறைய, குமிழி விரியப் பார்க்கும். கொழும்பில் 760 மில்லிமீட்டர், 500 மீட்டர் உயரக் கண்டியில் சுமார் 716, 1,270 மீட்டர் அட்டனில் 652, நுவரெலியாவில் 606. கொழும்பில் 4 மில்லி இருந்த குமிழிக்கு நுவரெலியாவில் 5 மில்லி இடம் தேவை. கண்ணின் சுவரோ அப்படி நீளாது. உள்ளழுத்தம் ஏறி விழித்திரைக்குப் போகும் இரத்தத்தையே நிறுத்தலாம். கண்டியில் சிகிச்சை பெற்றவருக்கு அட்டன்வரை ஏறக்குறைய 10 சதவீதம், நுவரெலியாவரை 18 சதவீதம் விரிவு. விமானத்தில் போகாதே என்று சொல்லும் அதே காரணம் இங்கே கினிகத்தேனைக்கு மேலே ஏறும் பஸ்ஸிலும், றம்பொடை வளைவுகளிலும் இருக்கிறது. ஆனால் "விமானத்தில் போகவேண்டாம்" என்ற அச்சிட்ட தாளைத்தான் நோயாளி கையில் கொடுத்து அனுப்புகிறோம். வாழ்நாளில் விமானம் ஏறாத கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு அந்தத் தாள் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டின் உயரம் மட்டும் போதாது, வழியின் உச்சியையும் பாருங்கள். பதுளை 680 மீட்டர்தான். ஆனால் கொழும்பிலிருந்து ரயிலில் போகிறவர் சுமார் 1,890 மீட்டர் உயரமான பட்டிப்பொளையைத் தாண்டியே இறங்குவார். அப்புத்தளை வழியே பஸ்ஸில் போனாலும் 1,400 மீட்டரைத் தொட்டுத்தான் போக வேண்டும்.

இதனால் ட்ரேயில் மூன்று தெரிவுகளும் தயாராக இருக்க வேண்டும். நோயாளி குமிழி கரையும்வரை அடிவாரத்தில் உறவினர் வீட்டில் தங்க முடிந்தால் வாயு. சில நாள் மட்டுமே தங்க முடியும், நோயும் இடங்கொடுக்கிறது என்றால் காற்று. நாட்சம்பளத்தை விட்டு எட்டு வாரம் வெளியே இருக்க இயலாதவருக்கு, உடனே மலையேறியே ஆக வேண்டியவருக்கு, சிலிக்கோன் எண்ணெய். எண்ணெய் உயரத்தால் விரியாது. 1,000 சென்டிஸ்டோக் ஏற்றவும் எடுக்கவும் எளிது, 5,000 சிறு துளிகளாக உடைவது குறைவு. வில்லையே இல்லாத கண்ணில் எண்ணெய் விட்டால், கருவிழித்திரையின் கீழே 6 மணி நிலையில் சிறு துளையிட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் கண்மணியை அடைத்துக்கொண்டு முன்னே வரும். எண்ணெயை வழக்கமாகச் சில மாதங்களில் இன்னொரு சத்திரசிகிச்சையில் எடுக்க வேண்டும், அந்தத் திகதியைக் கொடுக்காமல் அனுப்பாதீர்கள். இந்தத் தெரிவை மேசையில் அல்ல, முதல்நாள் வாட்டிலேயே நோயாளியோடும் குடும்பத்தோடும் பேசி முடிப்பது நியாயம்.

முடித்தலும் அனுப்புதலும்

கனியூலாவை எடுத்ததும் துளையைப் பஞ்சுமுனையால் சற்று அழுத்திப் பாருங்கள். குமிழி கசிந்தால் ஒரு தையல் போட்டுவிடுவதே நல்லது. கசிந்து தளர்ந்த கண்ணில் தொற்றும் வரும், குமிழியும் குறையும்.

வாயு உள்ள நோயாளியின் கையில் பட்டி கட்டுங்கள்: வாயுவின் பெயர், செறிவு, திகதி, "நைட்ரஸ் ஒக்சைட் கூடாது". பிரசவ வலிக்குக் கொடுக்கும் என்டொனொக்ஸிலும் பாதி நைட்ரஸ் ஒக்சைட்தான், ஆகவே கர்ப்பிணிக்கு இது இன்னும் முக்கியம். வாயால் சொல்லும்போது தெளிவாகச் சொல்லுங்கள்: "கண்ணுக்குள்ள காத்துக் குமிழி இருக்கு. டொக்டர் சொல்ற வரைக்கும் மேல ஏற வேணாம். ஏறுறப்போ கண்ணு வலிச்சா, பார்வை இருட்டுனா, வாந்தி வந்தா, மேல போகாம உடனே கீழ எறங்கி ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க." கூட வந்தவரும் இதைத் திருப்பிச் சொல்லட்டும்.

கருவிகளைக் கழுவுவது

மேசையிலேயே, காயும் முன். துளையுள்ள ஒவ்வொரு கருவியையும் கிருமிநீக்கிய காய்ச்சி வடித்த நீரால் சிரிஞ்சில் பலமுறை ஓட்டி, பிறகு காற்றால் ஊதி உலர்த்துங்கள். பசைத்திரவமோ சலவைத்திரவமோ உள்ளே காய்ந்தால், அடுத்த நோயாளியின் கண்ணில் தொற்றில்லாமலே கடும் அழற்சி வரும். எண்ணெய் பட்டவற்றைத் தனிக் கிண்ணத்தில் கழுவுங்கள். இடுக்கி, கத்தரி நுனிகளை நுண்ணோக்கியில் பார்த்து, வளைந்ததை ஒதுக்கி, நுனிக்கு உறை போட்டுப் பெட்டியில் படுக்க வையுங்கள். முன்வெற்றிட ஒட்டோக்ளேவில் 134 பாகையில் 3 முதல் 4 நிமிடம். வெட்டி, லேசர் முனை, ஒருமுறைப் பொருளென்று உறையில் எழுதப்பட்டிருந்தால் ஒருமுறையே: வெட்டியின் கத்தி மழுங்கும், அதன் மெல்லிய குழலைக் கையால் முழுதாகச் சுத்தம் செய்யவும் முடியாது.